200 என்றால் 200தான் வரவேண்டும்: இங்க்ஸ்கேப்பில் சரியான அளவு

வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடி வீட்டுக்கு அக்ரிலிக் பெயர்ப்பலகை கேட்டிருந்தார்கள். மரச்சட்டம் ஏற்கெனவே தயார். உள்ளளவு 200 × 80 மில்லிமீற்றர். இங்க்ஸ்கேப் என்ற வரைதல் மென்பொருளில் செவ்வகம் வரைந்து, மேலே 200, 80 என்று அடித்து லேசரில் வெட்டக் கொடுத்தேன். வந்த பலகை சட்டத்துக்குள் ஆடியது. அடிமட்டம் வைத்தால் 198க்கும் சற்றுக் குறைவு. மெஷினில் பிழையில்லை. நான் கோட்டுக்கு 2 மில்லிமீற்றர் தடிப்பு கொடுத்திருந்தேன், அதுதான் காரணம்.

கோட்டின் நட்டநடுவே தடிப்பில்லாமல் ஓடும் வரைதான் பாதை. தடிப்பில் பாதி பாதைக்கு வெளியே நிற்கும், பாதி உள்ளே. இங்க்ஸ்கேப், நாம் எதையும் மாற்றாவிட்டால், வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்புவரை அளக்கும். லேசரோ நடுப்பாதையில் ஓடும். பக்கத்துக்கு ஒரு மில்லிமீற்றர் அங்கேயே போய்விட்டது. சரி, இதைத் திருத்துவோம்.

1. ஃபைல் மெனுவில் டொக்கியுமென்ட் ப்ரொப்பர்டீஸைத் திறந்து அலகை மில்லிமீற்றராக மாற்றுங்கள்.

2. எடிட் மெனுவில் ப்ரிஃபரன்சஸ், அதில் டூல்ஸ். பவுண்டிங் பாக்ஸ் (உருவத்தைச் சுற்றி அளக்கும் பெட்டி) என்ற இடத்தில் 'விஷுவல்' தெரிவாகியிருக்கும். அதை 'ஜியோமெட்ரிக்' ஆக்குங்கள். இனி தடிப்பைக் கணக்கில் எடுக்காமல் பாதையை மட்டுமே அளக்கும். இந்தப் படிதான் உயிர்நாடி, தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். அச்சுக்குக் கொடுக்கும் அட்டையில் தடித்த பார்டர் இருந்தால் மட்டும் விஷுவலுக்குத் திரும்பலாம், அங்கே கண்ணுக்குத் தெரியும் விளிம்புதான் முக்கியம்.

3. செவ்வகத்தை வரைந்து, அம்புக்குறி டூலால் தெரிவு செய்யுங்கள். மேலே உள்ள டபிள்யூ, எச் பெட்டிகளில் 200, 80 என்று அடித்து என்டர். நடுவிலுள்ள பூட்டு பூட்டியிருந்தால் ஒன்றை மாற்ற மற்றதும் மாறிவிடும், முதலில் திறந்துவிடுங்கள்.

உருவத்தைச் சரித்து வைத்திருந்தால் இந்தப் பெட்டிகளை நம்பவேண்டாம். அவை சரிந்த உருவத்தைச் சுற்றியுள்ள நேர்ப்பெட்டியின் அளவையே காட்டும். அளவைக் கொடுத்த பிறகு சரியுங்கள்.

4. எழுத்துகளைத் தெரிவு செய்து ஷிஃப்ட், கன்ட்ரோல், சி. எழுத்து பாதையாகிவிடும், உங்கள் தமிழ் எழுத்துரு கடையில் இல்லாவிட்டாலும் பெயர் குலையாது.

பழைய ஃபைலைத் திறப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். 2017இல் வந்த 0.92 பதிப்பிலிருந்து ஓர் அங்குலத்துக்கு 96 பிக்சல். அதற்கு முன் 90. அதனால் அன்றைய 200 மில்லிமீற்றர் இன்று 187.5 ஆகச் சுருங்கலாம்.

அப்புறம், வெட்டக் கொடுக்குமுன் பிடிஎஃப் ஆகச் சேமித்து, ஏ4 தாளைக் கிடையாக வைத்து 100 வீதத்தில் பிரின்ட் எடுங்கள். 'ஃபிட் டு பேஜ்' தெரிவாகியிருக்கக் கூடாது. கோட்டின் நடுவே கத்தரித்துச் சட்டத்துக்குள் வைத்துப் பாருங்கள். நான் இரண்டாவது பலகைக்கு அப்படித்தான் செய்தேன். தாள் நான்கு மூலையிலும் பிசகாமல் உட்கார்ந்தது. லேசர் எரித்துத் தின்னும் ஒன்றிரண்டு தசம மில்லிமீற்றரால், பலகை இறுகாமல் உள்ளே இறங்கியது.