கிட்னி மாற்றியவர்கள் ஏற்காடு போகிறீர்களா?

புதுக் கிட்னியை உடம்பு எதிர்க்காமலிருக்கச் சாப்பிடும் மாத்திரை எதிர்ப்பு சக்தியைக் குறைத்துவிடுகிறது, அதனால் தோல் புற்றுநோய் வரும் வாய்ப்பும் கூடுகிறது. சேலம் வெயிலில் குடையில்லாமல் இறங்காதவர்கள்கூட ஏற்காடு ஏறியதும், குளுகுளுவென்று இருக்கிறதே என்று தொப்பியைக் கழற்றிவிடுவார்கள். உயரம் கூடக்கூட, தோல் புற்றுநோயைத் தூண்டும் வெயிலின் புற ஊதாக் கதிரும் கூடும், மேகம் அதை முழுசாகத் தடுக்காது.

காலை 10 முதல் மாலை 4 வரை நிழலில் இருங்கள். முழுக்கைச் சட்டை, காதை மறைக்கும் தொப்பி. எஸ்பிஎஃப் (வெயிலைத் தடுக்கும் அளவு, டப்பாவில் போட்டிருக்கும்) 30க்குக் குறையாத சன்ஸ்கிரீனைக் காதுமடல், பின்கழுத்து என்று தாராளமாகப் பூசி, 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பப் பூசுங்கள், சிக்கனம் பார்த்தால் பிரயோஜனமில்லை.

அப்புறம், கறுப்புத் தோலுக்குத் தோல் புற்றுநோய் வராது என்பதெல்லாம் சும்மா, வெயில் படாத இடத்திலும் வரும். மாதம் ஒருமுறை உள்ளங்கால், நகம்வரை பாருங்கள். ஆறாத புண்ணோ சொரசொரப்பான கட்டியோ தெரிந்தால் உடனே தோல் டாக்டரிடம் காட்டுங்கள், மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.