கல் தடுப்பில் நின்று கடல் மீன் பிடிப்பது எப்படி? வருடம் முழுக்க, ஈயக்குண்டை இழக்காமல்

கடலுக்குள் நீளும் கல் தடுப்பில் முதல் தடவை தூண்டிலோடு ஏறுகிற ஏறக்குறைய எல்லாரும் ஒரே காரியத்தைத்தான் செய்வார்கள். இருக்கிற பலத்தையெல்லாம் திரட்டி எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவு தூரம் வீசுவார்கள். தேவையே இல்லை. கல் இடுக்குகளில் நண்டு, இறால், குஞ்சு மீன் எல்லாம் குடியிருக்கின்றன, அவற்றைத் தின்ன வருகிற கலவா, செப்பிலி, கொடுவா போன்றவை அந்தக் கல்லை ஒட்டித்தான் சுற்றும். நீங்கள் அறுபது மீட்டர் தள்ளி வீசினால் பெரும்பாலும் வெறும் மணலில்தான் இரை கிடக்கும்.

முடிச்சு போடுவது, ரீலில் நரம்பு சுற்றுவது இதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

முதலில் கடலைப் பாருங்கள்

வானிலை அறிக்கையில் அலை உயரம் 1 மீட்டர் என்று போட்டிருந்தால், வருகிற அலைகளில் பெரிய மூன்றில் ஒரு பங்கின் சராசரிதான் அது. இடையில் ஏதோ ஒரு அலை அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வரலாம். உயரத்தை விட அலைக்கும் அலைக்கும் உள்ள இடைவெளியைக் கவனியுங்கள். 6 விநாடிக்கு ஒன்று வருகிற அலை வந்து மோதி உடைந்து போகும். அதே உயரத்தில் 14 விநாடிக்கு ஒன்று வருவது வெகுதூரத்திலிருந்து வருகிற அலை, அது கல் மேல் ஏறி ஓடும். தடுப்பில் அடிபடுகிறவர்கள் பெரும்பாலும் அமைதியாகத் தெரிகிற கடலில் இந்த நீண்ட இடைவெளி அலையிடம்தான் மாட்டுகிறார்கள். அதனால் போனவுடன் தூண்டிலைப் பிரிக்காமல், காய்ந்த கல்லில் ஒரு இருபது நிமிடம் சும்மா உட்காருங்கள். ஈரமாகக் கறுத்துப்போன கல், பச்சைப் பாசி படிந்த கல், இரண்டிலும் நிற்காதீர்கள். அடியில் இரும்பு ஆணி பதித்த காலணி பாசிக் கல்லில் பிடிக்கும், சாதாரண ரப்பர் செருப்பு நிச்சயம் வழுக்கும். உயிர்காப்புச் சட்டை கட்டாயம், இதில் பேரமே கிடையாது. இடி கேட்டால் உடனே இறங்கிவிடுங்கள், கார்பன் ராட் மின்சாரத்தைக் கடத்தும்.

துறைமுகத்தை ஒட்டிய சில தடுப்புகளில் ஏறவே அனுமதி இல்லை. பலகை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஏறுங்கள்.

சாமான்

9 அல்லது 10 அடி ராட், 4000 அல்லது 5000 அளவு ஸ்பின்னிங் ரீல், 30 பவுண்டு பிரெய்டு (பல இழை பின்னிய) நரம்பு, அதன் முனையில் இரண்டு மீட்டர் 40 பவுண்டு ஃபுளோரோகார்பன் லீடர், அதாவது உரசலைத் தாங்கும் முனை நரம்பு. பிரெய்டு இழுவிசையில் பலமானது, ஆனால் கல்லில் உரசினால் நொடியில் அறுந்துவிடும், அதனால்தான் லீடர். 7 அடி ராட் வாங்கச் சொல்கிறவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். ராட் நீளமாக இருந்தால்தான் நரம்பைக் கல் மேல் படாமல் தூக்கிப் பிடிக்க முடியும். ரீலின் டிராக், அதாவது மீன் இழுக்கும்போது நரம்பை விட்டுக்கொடுக்கும் பிடி, நரம்பு தாங்கும் எடையில் நான்கில் ஒரு பங்குக்கு வழுக்க வேண்டும், அதாவது இங்கே 3 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். ஒரு தொங்கு தராசை நரம்பில் மாட்டி இழுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

நீளப் பிடி கொண்ட கைவலை ஒன்றும் வேண்டும். அது எதற்கு என்று மீன் மாட்டினவுடன் தெரியும்.

கல் எங்கே முடிகிறது?

இந்த ஒரு இடத்தில்தான் நான் மாதக்கணக்கில் திணறினேன், யாரும் சொல்லியும் தரவில்லை, அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

தடுப்பின் பக்கவாட்டு, சுவர் மாதிரி நேராக இறங்காது. சாய்ந்து இறங்கும். பொதுவாக 1 மீட்டர் கீழே போனால் ஒன்றரை முதல் 2 மீட்டர் வெளியே போகும். அப்படியென்றால் தண்ணீர் ஆழம் 4 மீட்டர் என்றால், கல் முடிந்து மணல் தொடங்கும் கோடு நீர்விளிம்பிலிருந்து 6 முதல் 8 மீட்டரில் இருக்கும். மீன் ரோந்து வருவது அந்தக் கோட்டில்தான். அதற்கு இந்தப் பக்கம் போட்டால் இரை இடுக்கில் விழுந்து சிக்கும். அதற்குச் சற்றே அந்தப் பக்கம், மணல் மேல் விழ வேண்டும்.

கண்டுபிடிக்க, முள் எதுவும் கட்டாமல் வெறும் ஈயக்குண்டை மட்டும் ஒரு 15 மீட்டர் வீசுங்கள். அடியில் இறங்கியதும் நரம்பை இறுக்கி, ராட் நுனியால் மெதுவாக, மிக மெதுவாக இழுங்கள். மணலில் வரும்போது வழவழவென்று வரும், பிரெய்டில் ஒரு விரலை வைத்திருந்தால் லேசான கரகரப்பு தெரியும். திடீரென்று 'டக்' என்று ஒரு தட்டு. அதுதான் கோட்டின் முதல் கல். அதோடு நிறுத்திவிட்டு ராடை உயர்த்தி வேகமாகச் சுற்றி எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் அந்தக் குண்டு போய்விடும். சுற்றி எடுப்பதற்கு முன், ரீலை விட்டு நரம்பு வெளியேறும் இடத்தில் நிற மார்க்கரால் ஒரு அடையாளம் போட்டுக்கொள்ளலாம். பத்து அடி தள்ளி நின்று மறுபடியும் பாருங்கள், புயலில் சரிந்து விழுந்த கல்லால் கோடு நேராக இருக்காது. வெளியே துருத்திக்கொண்டு தனியாகக் கிடக்கும் ஒரு கல் கிடைத்தால் அதை யாரிடமும் சொல்லாதீர்கள்.

கட்டுவது

மூன்று கண் சுவிவல் (நரம்பு முறுகாமல் சுழலும் இணைப்பு வளையம்) ஒன்று எடுங்கள். ஒரு கண்ணில் லீடர். இன்னொன்றில் 40 பவுண்டு நரம்பு அரை மீட்டருக்குக் குறைவாக, அதன் முனையில் சர்க்கிள் ஹூக், அதாவது நுனி உள்பக்கம் வளைந்த முள். மூன்றாவது கண்ணில் ஒரு சாண் நீளம் 10 பவுண்டு மோனோ (ஒற்றை இழை நரம்பு), அதில் ஈயக்குண்டு. சிக்குவது பெரும்பாலும் குண்டுதான். மெல்லிய நரம்பு முதலில் அறுந்து குண்டு மட்டும் போகும், முள்ளும் மீனும் உங்களிடம் வரும். மீன் மாட்டியிருக்கும்போது குண்டு சிக்கினால் இதன் அருமை புரியும்.

போகிற குண்டு ஈயமாக இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. பழைய நட்டு போல்ட்டோ, மெல்லிய துணியில் கட்டிய மணலோ போதும், கடலில் ஈயம் சேர்வதும் குறையும்.

இரை, உயிருள்ள இறால் கிடைத்தால் வேறு எதையும் யோசிக்காதீர்கள். தலைக்குள் கறுப்பாகத் தெரியும் புள்ளியைத் தொடாமல் கொம்புக்கு அடியில் முள்ளைக் குத்துங்கள், ரொம்ப நேரம் உயிரோடு துள்ளும். குஞ்சு மீன்கள் கொத்திக் கொத்தித் தின்று தீர்த்தால் கணவாய்த் துண்டுக்கு மாறுங்கள், அது எளிதில் கிழியாது.

சிக்கினால், மாட்டினால்

சிக்கியதும் ராடை வளைத்து இழுப்பது பழக்கதோஷம். அப்படி இழுத்தால் குண்டு இடுக்கில் இன்னும் இறுகும். மாறாக நரம்பைத் தளர்த்திவிட்டு ஒன்றிரண்டு அலை போகட்டும், பல தடவை அதுவே கழன்றுவிடும். இல்லையென்றால் பத்தடி பக்கவாட்டில் நடந்து, வேறு கோணத்திலிருந்து இழுங்கள். எதுவும் முடியவில்லை என்றால் ராடை நரம்பு போகிற திசைக்கே நேராக நீட்டி, நரம்பை ஒரு குச்சியில் சுற்றி, முகத்தைத் திருப்பிக்கொண்டு இழுத்து அறுங்கள். கையில் சுற்றாதீர்கள், பிரெய்டு சதையை வெட்டும்.

மீன் மாட்டினால் முதல் ஐந்து விநாடிதான் எல்லாம். கலவா நேராகப் பொந்துக்குத்தான் ஓடும், அதற்குள் ராடை உயர்த்தி அதைக் கல்லிலிருந்து பிரித்துவிட வேண்டும். விளிம்புக்கு வந்ததும் நரம்பைப் பிடித்துத் தூக்காதீர்கள், அலை ஏறும்போது அதோடு சேர்த்து வலையில் வாங்குங்கள். பேத்தை (உடம்பை உப்பவைக்கும் மீன்) வந்தால் விட்டுவிடுங்கள், அதன் நஞ்சு சமைத்தாலும் போகாது.

நேரமும் காலமும்

ஒரு நாளில் இரண்டு ஏற்றம் (கடல் மட்டம் உயர்வது) வருகிற கடலில், ஏறுகிற ஆறு மணி நேரத்தில் மூன்றாவது நான்காவது மணியில்தான் ஏறக்குறைய பாதித் தண்ணீர் வந்துவிடுகிறது. நீர் ஓடும்போதுதான் மீன் தின்னும், ஆகவே அந்த இரண்டு மணி நேரத்தை விடாதீர்கள். ஏற்றம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓட்டம் பலமாக இருக்கும், கனமான குண்டு வேண்டும்.

வெயில் காலத்தில் சூடான நீரில் உயிர்வளி குறைவு, அதனால் தடுப்பின் முனைக்குப் போங்கள், அங்கே நீர் ஓடிக்கொண்டே இருக்கும். விடியலும் இரவும் நல்லது, தலைவிளக்கைத் தண்ணீரில் அடிக்காதீர்கள். நல்ல மழைக்கு அப்புறம் நன்னீர் மேலே மிதக்கும், உப்பு நீர் கீழே இருக்கும். கணவாய்க்கு நன்னீர் ஆகாது, அது போய்விடும். ஆனால் கெளுத்தியும் கொடுவாயும் கலங்கல் நீரும் தெளிந்த நீரும் சந்திக்கும் கோட்டில் நிற்கும், இரையை அடித்தரையை ஒட்டி வையுங்கள். குளிர் காலத்தில் மீன் துரத்தாது, சின்ன இரை, அசையாமல், நீண்ட நேரம். காற்றுக் காலத்தில் காற்றடிக்கும் பக்கம் நுரையில் இரை கொட்டிக் கிடக்கும், அதற்காக அந்தப் பக்கம் நிற்க வேண்டாம், மறைவுப் பக்கம் முனைக்கருகே நுரை வளைந்து வருகிற இடத்தில் போடுங்கள். எனக்குப் பிடித்த காலம் மழை ஓய்ந்து தண்ணீர் தெளியத் தொடங்குகிற அந்தச் சில வாரங்கள்தான்.

பிற்சேர்க்கை

படித்துவிட்டுப் பலர் கேட்டவை. மிதவை போட்டால் முதலில் கடிக்கிறது, அப்புறம் கடிப்பதே இல்லை என்கிறார்கள். ஏற்றத்தில் ஆழம் கூடிவிட்டது, உங்கள் இரை அதே உயரத்தில் தொங்குகிறது. அரை மணிக்கு ஒருமுறை நிறுத்த முடிச்சை, அதாவது மிதவையை நரம்பில் நிறுத்தும் முடிச்சை, மேலே தள்ளுங்கள், இரை கல்லுக்கு ஒரு முழம் மேலே இருந்தால் போதும்.

கடித்துவிட்டு நழுவுகிறது என்கிறவர்கள் வெட்டி இழுக்கிறீர்கள், அதாவது ராடை வெடுக்கென்று சுண்டுகிறீர்கள். சர்க்கிள் ஹூக்கில் வெட்டக்கூடாது, சும்மா சுற்றிக்கொண்டே போனால் வாயோரத்தில் தானே மாட்டும்.

கெளுத்தி, ஓரா துடுப்பு முள் குத்தினால், தாங்குகிற அளவுச் சுடுநீரில், 45 டிகிரிக்கு மேல் போகாமல், வலி குறையும் வரை முக்கி வையுங்கள். அப்புறம் மருத்துவரைப் பாருங்கள், முள் துண்டு உள்ளேயே தங்கியிருக்கலாம்.

வீசும்போதே குண்டு பறந்து போகிறது என்று ஒருவர். விசிறி அடிக்காதீர்கள், 10 மீட்டர்தான் வேண்டும், ராடைக் கீழிருந்து மெதுவாக ஆட்டி விடுங்கள். அப்படியும் அறுந்தால் அந்த மோனோவை 15 பவுண்டுக்கு மாற்றுங்கள், அதற்கு மேல் வேண்டாம், கூடக்கூட அறுப்பதும் கஷ்டம், முள்ளும் சேர்ந்து போகும்.