ரசவாதம் வரைபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்: முதலில் அந்தக் கறுப்பு

புதுச்சேரியில் ஆயில் பெயின்டிங் பழகும் பிள்ளைகளை இப்போது ரசவாதம் பிடித்திருக்கிறது. லாஸ்பேட்டை மொட்டைமாடி அறையோ, முத்தியால்பேட்டை வாடகை வீடோ, எங்கே எட்டிப் பார்த்தாலும் நிக்ரிடோ (கறுத்தல்), ரூபிடோ (சிவத்தல்) என்று ரசவாதப் படிகளின் பெயரைத் தலைப்பிட்ட அரூப ஓவியம் ஒன்று சுவரில் சாய்ந்து நிற்கிறது. மனசு கறுத்து, வெந்து, வேறொன்றாகித் தேறுவதை வரைகிறார்கள். நல்ல பொருள்தான், நானும் அதைத்தான் வரைகிறேன். ஆனால் இவர்கள் செய்யும் தப்பில் ஒன்றுகூடப் புதுசில்லை. எல்லாம் என் பழைய கேன்வாஸ்களில் இருப்பவையே. பிரஷ் கழுவாதது, மட்டமான ட்யூப் வாங்கியது எல்லாம் பட்டால் தானே திருந்திவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

கறுப்பில் எண்ணெயைக் கொட்டுவது

ஐரோப்பிய ரசவாதத்தில் மாற்றம் கறுப்பில் தொடங்குகிறது. பொருள் அழுகிக் கறுத்து, பிறகு வெளுத்து, மஞ்சளாகி, சிவக்கும். பிள்ளைகளும் அதே வரிசையில் இறங்குகிறார்கள். கேன்வாஸ் முழுக்க ஐவரி பிளாக். ஆழம் கிடைக்கட்டும் என்று அதில் லின்சீட் ஆயிலை, அதாவது ஆளிவிதை எண்ணெயை, தாராளமாக ஊற்றுகிறார்கள். சில நாள் போனதும் டர்பன்டைன் கலந்த வெள்ளையை அதன்மேல் இழுத்துவிடுகிறார்கள். பார்க்க அற்புதமாக இருக்கும். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

ஆயில் பெயின்ட், ஈரம் ஆவியாகிப் போய்க் காய்கிற சமாச்சாரம் இல்லை. லின்சீட் ஆயில் காற்றிலிருந்து ஆக்சிஜனை இழுத்து, உள்ளுக்குள் வலை மாதிரி பின்னிக்கொண்டு கெட்டியாகிறது. காயத் தொடங்கும்போது எடைகூடக் கொஞ்சம் ஏறும். ஐவரி பிளாக்குக்கு இயல்பிலேயே எண்ணெய் அதிகம் தேவை, காய்வதும் மெதுவாகத்தான். விரலுக்குக் காய்ந்ததுபோல் இருக்கும். அடியில் மாதக்கணக்கில் இளகிக் கிடக்கும். அதன்மேல் டர்பன்டைன் கலந்த, எண்ணெய் குறைந்த அடுக்கு சீக்கிரமே விறைத்துவிட்டால், கீழே இருப்பது அசைய அசைய மேலே இருப்பது வெடிக்கும். கீழே எண்ணெய் குறைவு, மேலே போகப்போக அதிகம்: ஆயிலின் பழைய விதி இது. ரசவாதக்காரர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

எனக்குத் தெரிந்த பையன் ஒருவனின் நாலடிக்கு ஐந்தடிப் படம் நல்ல விலைக்குப் போனது. வாங்கியவர் ஏசி அறையில் மாட்டினார். அடுத்த கோடைக்குள் வெள்ளைப் பகுதி முழுக்க வறண்ட ஏரிபோல வெடித்து, படம் திரும்பி வந்தது. பணத்தைத் திருப்பிக் கொடுக்கக் கடன் வாங்கினான். அப்புறமும், “விரிசலும் ஒரு மாற்றம்தானேக்கா?” என்றான். “வாங்கினவர்கிட்ட அதை முன்னாடியே சொல்லியிருக்கணும் தம்பி” என்றேன். மாற்றத்தை வரைகிற ஆள், தன் கேன்வாஸில் நடக்கும் மாற்றத்தையே கவனிக்காமல் இருந்தால் எப்படி?

செய்ய வேண்டியது சுலபம். அடிக் கறுப்புக்கு மார்ஸ் பிளாக் அல்லது பர்ன்ட் அம்பரை டர்பன்டைனில் கரைத்து மெலிதாகப் போடுங்கள். அம்பரில் மாங்கனீஸ் இருப்பதால் சீக்கிரம் காயும். பொறுமையே இல்லை என்றால் அக்ரிலிக் கறுப்பு அடித்து, காய்ந்தபின் அதன்மேல் ஆயில் போடலாம். ஆயில்மேல் அக்ரிலிக் மட்டும் கூடவே கூடாது. ஐவரி பிளாக்கை மேலடுக்குகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளை வாங்கும்போது ட்யூபின் பின்பக்கம் பாருங்கள். பிடபிள்யூ 4 (PW4) என்று இருந்தால் அதில் ஜிங்க் இருக்கிறது. டைட்டானியம் ஒயிட் என்று விற்கும் பலவற்றிலும் அது கலந்திருக்கும். ஜிங்க் வருடங்கள் போகப்போக நொறுங்கும் தன்மைக்கு வந்து, அடுக்கையே பெயர்த்துவிடும். காயும் படத்தை அலமாரியில் பூட்டாதீர்கள், வெளிச்சமும் காற்றும் படட்டும்.

நாட்டு மருந்துக் கடையில் சிவப்பு தேடுவது

‘அசல்’ சிவப்பு வேண்டும் என்று ஒரு பெண் ஜாதிலிங்கம் வாங்கி வந்து அம்மியில் அரைக்கப் போனாள். பாதரசமும் கந்தகமும் சேர்ந்தது அது. உலோகங்கள் எல்லாம் அந்த இரண்டிலிருந்து பிறந்தவை என்று ரசவாதிகள் நம்பினார்கள். பழைய ஐரோப்பிய ஓவியர்களின் வெர்மிலியனும் அதுவேதான். கதை அழகாகத்தான் இருக்கிறது. பொடி மூச்சில் போனால் விஷம், சூடுபட்டால் பாதரச ஆவி. மஞ்சளுக்குத் தாளகம் தேடுகிறவர்களும் உண்டு, அது ஆர்செனிக். சித்த மருத்துவர் இவற்றைச் சுத்தி செய்வது வேறு தொழில். உங்களுக்கு ஒரு ட்யூப் பைரோல் ரெட் போதும்.

நாலு நிறத்தை நாலு பட்டையாக அடிப்பது

ரசவாதத்தை மனமாற்றத்தோடு இணைத்து விரிவாக எழுதியவர் சுவிஸ் உளவியலாளர் கார்ல் யுங். 1944-இல் வந்த அவருடைய நூலை மேலோட்டமாகப் புரட்டிவிட்டு, மஞ்சள் பட்டை வைக்காவிட்டால் குற்றம் என்பதுபோல வரைகிறார்கள். 15, 16-ஆம் நூற்றாண்டு வாக்கில் நாலு நிறம் மூன்றாகச் சுருங்கி மஞ்சள் கழன்றுகொண்டதை யுங்கே அதில் சொல்லியிருக்கிறார். படத்துக்கு மஞ்சள் வேண்டுமென்றால் வையுங்கள்.

அடைமழையில் வார்னிஷ்

வேண்டாம். மெல்லிய படத்துக்கே ஆறு மாதம் பொறுக்கணும்.

ஓதம் காத்த சுவர்

கடற்கரைப் பக்கத்துப் பழைய சுண்ணாம்புச் சுவரில் ஒட்டி மாட்டினால் கேன்வாஸ் முதுகில் பூஞ்சை பிடிக்கும். நாலு மூலையிலும் பின்னால் தக்கை வையுங்கள்.

எண்ணெய்த் துணியை உருட்டிப் போடுவது

ஆக்சிஜனோடு சேரும்போது லின்சீட் ஆயில் சூடாகும். விரித்த துணியில் அந்தச் சூடு காற்றோடு போய்விடும். உருட்டி மூலையில் எறிந்ததில் ஏறிக்கொண்டே போய், நெருப்பு வைக்காமலே பற்றிக்கொள்ளும். ஒவ்வொன்றாக வெளியே கொடியில் விரித்துப் போடுங்கள், இல்லையென்றால் தண்ணீர் ஊற்றிய தகர டின்னில் போட்டு மூடுங்கள். கீற்றுக்கொட்டகையில் வரைகிறவர்கள் இன்றைக்கே.