தாழ்ந்த குரலுக்கும் உயர்ந்த குரலுக்கும் மூளைத்தண்டு தரும் பதிலைப் பதிவு செய்யும் முறை

உச்சந்தலை, நெற்றி, காதுமடல் ஆகிய மூன்று இடங்களில் மின்வாய்களை ஒட்டி, ஒரே ஒலியைச் சில ஆயிரம் தடவை கேட்கச் செய்து சராசரி எடுத்தால், பேசுபவரின் சுருதி, அதாவது குரலின் அடிப்படை அதிர்வெண், மூளையைத் தண்டுவடத்தோடு இணைக்கும் மூளைத்தண்டிலிருந்து மின்னலையாகத் திரும்பத் தெரியும். அதிர்வு வேகமாக ஆக, நரம்பணுக்கள் அதன் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருசேரத் துடிப்பது குறைந்துவிடுவதால், ஆணின் குரலுக்கு இந்த அலை பொதுவாகப் பெரிதாகவும் பெண்ணின் குரலுக்குச் சிறிதாகவும் வரும்.

ஒப்பிடுவதற்கு இரண்டு பேரின் குரலை எடுக்க வேண்டாம். சுருதியோடு தொண்டையின் அளவும் மாறிவிடும். ஏறக்குறைய 155 ஹெர்ட்ஸில் பேசும் ஒருவரைப் பதிவு செய்து, பிராட் என்ற இலவச மென்பொருளில் 110, 215 என இருபுறமும் நகர்த்தினால் குரல் அவ்வளவாகக் கெடாது. ஆய்வுகளில் பரவலாகப் பயன்படும் ஒலி ‘பந்து’ என்ற சொல்லில் ‘த’ எழுத்துக்கு வரும் மெல்லிய ஒலியைப் போன்றது. ஆனால் பெங்களூரின் அல்சூர் பகுதியிலிருந்து வரும் தமிழரிடம் ‘தா’ என்று எழுதி நீட்டினால் வல்லினமாகவே உச்சரிப்பார். ஆகவே ‘ஆ’ போதும்.

110 என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. பெங்களூரில் எங்கள் அறையில் முதலில் 100 ஹெர்ட்ஸ் குரலையே 250 மில்லிவிநாடிக்கு ஒருமுறை ஒலிக்கவிட்டோம். எல்லோருக்கும் அழகான அலை கிடைத்தது. காதுக்குச் செல்லும் குழாயை மடித்து அடைத்த பிறகும் அதே அலை நின்றபோதுதான், அது மூளையல்ல, 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் இரட்டிப்பு என்று புரிந்தது. 250 மில்லிவிநாடியில் அது சரியாக 25 சுற்று சுற்றுவதால், எத்தனை தடவை சராசரி எடுத்தாலும் கரையாது. இடைவெளியை 263 ஆக்கினால் கரைந்துவிடும்; குழாயை மடித்துப் பார்க்கும் சோதனையை மட்டும் ஒருபோதும் விடக்கூடாது.

பாதித் தடவை ஒலியலையைத் தலைகீழாக்கி ஒலிக்கவிட்டுக் கூட்டினால், ஒலிபெருக்கியிலிருந்து கசியும் மின்னலையும் உட்காதில் ஒலியை உணரும் செவிச்சுருளின் சொந்த அலையும் பெரும்பாலும் நீங்கும். பின்னர் 200 மில்லிவிநாடிப் பகுதியை அதிர்வெண்களாகப் பிரித்தால் 5 ஹெர்ட்ஸுக்கு ஒரு புள்ளி கிடைப்பதால், 110 தனியே நிற்கும். மூளையின் பின்னணி இரைச்சலும் தாழ்ந்த அதிர்வெண்களில் கூடுதலாக இருப்பதால், 110-இன் உயரத்தை 215-இன் உயரத்தோடு நேரடியாக ஒப்பிடாமல், ஒவ்வொன்றையும் அதனதன் அக்கம்பக்கத்து இரைச்சலால் வகுத்த பிறகே ஒப்பிட வேண்டும்.