பாம்புக்கடி: ஆஸ்பத்திரிக்குள் போன பிறகு செய்யும் தவறுகள்

கடிவாயைக் கீறக்கூடாது, கயிறு போட்டு இறுக்கக்கூடாது என்பது மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் இப்போது பலருக்கும் தெரியும். ஆஸ்பத்திரிக்குள் போன பிறகு சொந்தக்காரர்கள் பதற்றத்தில் செய்கிற தவறுகளைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

பக்கத்து அரசு ஆஸ்பத்திரியில் விஷமுறிவு மருந்து ஏற்றப் போகும்போதே "மதுரை பெரியாஸ்பத்திரிக்கே கொண்டு போயிடுறோம்" என்று கிளம்பாதீர்கள், முதல் மருந்து ஏறட்டும், அப்புறம் 108-இல் போகலாம். குழந்தைக்கும் பெரியவருக்கும் மருந்து ஒரே அளவுதான். பாம்பு ஆள் பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லை.

அந்த மருந்து குதிரை ரத்தத்திலிருந்து எடுப்பது. அதனால் சிலருக்கு உடம்பெல்லாம் தடிக்கும், மூச்சு இரைக்கும், பிரஷர் இறங்கும். டாக்டர் சொட்டை நிறுத்தி அட்ரினலின் ஊசி போடுவார், அடங்கியதும் மறுபடி மெதுவாக ஏற்றுவார். இந்த நேரத்தில்தான் "மருந்து ஒத்துக்கல, இனி வேண்டாம்" என்று வீட்டார் தடுக்கிறார்கள். கண்ணாடி விரியன் கடித்து, குழாயில் எடுத்த ரத்தம் 20 நிமிஷம் ஆகியும் உறையவில்லை என்றால், அந்த விஷத்தை முறிக்க வேறு மருந்தே கிடையாது.

எல்லாவற்றிலும் பெரிய தவறு கட்டுவிரியன் கடியில் நடக்கிறது. ராத்திரி தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும், பல்தடம்கூடத் தெரியாமல் போகலாம், விடியும்போது வயிற்றுவலி, அப்புறம் இமை சொருகும், பேச்சு குழறும், மூச்சு நிற்கும். வென்டிலேட்டரில் கிடப்பவரின் கண்ணில் டார்ச் அடித்தாலும் கண்மணி சுருங்காது, கிள்ளினாலும் அசைவு இருக்காது, பார்க்கிறவர்கள் மூளை செத்துவிட்டது என்றே நினைப்பார்கள். ஆனால் விஷம் அடைத்திருப்பது நரம்பு தசையோடு சேரும் இடத்தை. மூளை விழித்திருக்கலாம், நீங்கள் பேசுவது காதில் விழலாம். சிதைந்த நரம்பு நுனி மறுபடி வளர நாட்கள், சிலருக்கு வாரங்கள் ஆகும், அதுவரை அந்த மிஷின்தான் வைத்தியம். "எடுத்துடுங்க, வீட்டுக்குக் கொண்டு போறோம்" என்று கையெழுத்துப் போடும் முன் டாக்டரிடம் நேராகக் கேளுங்கள்: இது விஷத்தால் வந்த வாதமா, உண்மையிலேயே மூளைச்சாவா? கட்டில் பக்கத்தில் நின்று காரியத்துக்கு ஆள் சொல்வதைப் பற்றித் தயவுசெய்து பேசாதீர்கள்.

கண்ணாடி விரியன் கடித்தவர் பிழைத்து எழுந்தாலும் சிறுநீர் குறைகிறதா என்று பாருங்கள், சிறுநீரகம் கெட்டால் டயாலிசிஸ் தேவைப்படலாம். அபூர்வமாகச் சிலருக்கு மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி கெட்டு, மாதங்கள் கழித்துத் தீராத அசதி, பெண்களுக்கு மாதவிலக்கு நிற்பது என்று வரும். அப்போது பார்க்கிற டாக்டருக்குப் பழைய கடி தெரியாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும், டிஸ்சார்ஜ் சீட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.