சோழர் கல்வெட்டுகளின் ஆண்டுக் குழப்பம் தீர்ந்த விதம்

முதுகலை வரலாற்று ஆய்வேட்டுக்காகச் சோழர் காலக் கல்வெட்டுகளைத் தொகுத்தபோது, என்னை நீண்ட நாள் தடுமாற வைத்தது ஆண்டுக் கணக்குதான். கல்வெட்டில் இருப்பது அரசனின் ஆட்சியாண்டு மட்டுமே; அதிலும் முற்காலச் சோழர் பலர் இராசகேசரி, பரகேசரி என்ற பட்டங்களை மாறி மாறித் தாங்கியதால், 'கோப்பரகேசரிக்கு யாண்டு' என்று தொடங்கும் ஒரு கல்வெட்டு எவருடையது என்பதே முதல் கேள்வியாகிவிடுகிறது.

நான் கண்ட வழி, பட்டத்தை விட்டுவிட்டு அடைமொழியையும் மெய்க்கீர்த்தியையும் (அரசனின் புகழைக் கூறும் கல்வெட்டின் தொடக்கப் பகுதி) முதலில் பார்ப்பதாகும். 'மதிரை (மதுரை) கொண்ட' என்றிருந்தால் பெரும்பாலும் 907இல் அரியணையேறிய முதலாம் பராந்தகன். 'திருமகள் போல' என்று தொடங்கினால் முதலாம் இராசராசன். 'திருமன்னி வளர' என்றால் முதலாம் இராசேந்திரன். 'புகழ்மாது விளங்க' என்றால் 1070இல் ஆட்சிக்கு வந்த முதலாம் குலோத்துங்கன். இவை எதுவும் இல்லாத கல்வெட்டுகளை, எழுத்தமைதியும் (எழுத்துகளின் வடிவம்) அவற்றில் வரும் அதிகாரிகளின் பெயர்களும் துணை நிற்காதவரை, தனித் தொகுப்பாக ஒதுக்கிவைத்தேன். அவற்றை எவர் பெயரிலாவது சேர்த்துவிடுவதைவிட அதுவே நேர்மையானது என்று உறுதியாக நம்புகிறேன்.

அதன் பிறகு கணக்கு எளிது. இராசராசனின் முதலாண்டு 985. ஆகவே இருபத்தைந்தாம் ஆண்டு 1009-10. இராசேந்திரனுக்கு மட்டும் கவனம் தேவை: தந்தை உயிருடன் இருந்தபோதே 1012இல் இளவரசாகப் பட்டமேற்றதிலிருந்து அவன் ஆண்டுகள் எண்ணப்படுகின்றன, தனியாட்சி தொடங்கிய 1014இலிருந்து அல்ல.