அட்டை ராக்கெட்: ஏ3 தாளை வெட்டும் முன்

போன சனிக்கிழமை பினாங்கு ஆயர் ஈத்தாமில் ஒரு திடலில் பிள்ளைகள் அட்டை ராக்கெட் விட்டார்கள். இரண்டு லிட்டர் சோடா புட்டியை மிதித்தால் காற்று பிவிசி ஏவுகுழாய் வழியாகப் போய் ராக்கெட்டைத் தள்ளும். ஒரு பிள்ளையின் ராக்கெட் நல்ல வண்ண அச்சு. ஆனால் உடம்பெல்லாம் நீளவாக்கில் முறிந்து, முறிந்த இடத்தில் வெள்ளைக் கோடுகள்.

"சுருட்டும்போதே உடைஞ்சிருச்சு மாமா."

"ஏ3 அட்டையைப் பாதியா வெட்டினியாம்மா?"

தலையாட்டினாள். நானும் ஆரம்பத்தில் அதையே செய்தேன்.

கோணலாக வெட்டுவது, பசை வழிவது எல்லாம் நாலு ராக்கெட் செய்தால் தானாகச் சரியாகும். கீழே சொல்லும் தவறுகள் அப்படி ஆகாது.

நார் வாட்டம் பார்க்காமல் அச்சடிப்பது

தாள் ஆலையில் கூழ் ஓடும் திசையிலேயே பெரும்பாலான நார்கள் படுத்துவிடும். சுருளின் நீளம் அந்த வாட்டத்தில் அமைந்தால் அட்டை சுலபமாகச் சுருளும், குறுக்கே அமைந்தால் முறியும். ராக்கெட்டின் உடம்பான அட்டைக் குழாயின் நீளமும் நாரும் ஒரே திசையில் ஓட வேண்டும்.

ஏ3 அட்டையில் நார் 42 சென்டிமீட்டர் பக்கத்தோடு ஓடுகிறது என்று வையுங்கள். குறுக்கே பாதியாக வெட்டினால் கிடைக்கும் ஏ4-இல் அது 21 சென்டிமீட்டர் பக்கத்தோடு ஓடும். குழாயை நாம் வரைவதோ நீளப் பக்கத்தில். நான் அப்படி வெட்டிய 12 தாள்களை போட்டோஸ்டேட் கடையில் வண்ணத்தில் அச்சடித்தேன். ஒரு குழாய்கூட உருண்டையாக வரவில்லை. ஏவுகுழாயில் மாட்டினால் முறிவுகளின் இடுக்கில் காற்று கசிந்தது. அத்தனை காசும் போனது. இன்று நினைத்தாலும் எரிச்சல்தான், ஏனென்றால் சோதிக்க அரை நிமிடம் போதும்.

ஓரத்தில் ஒரு சதுரம் வெட்டுங்கள். முழு அட்டையில் அது இருந்த திசையைக் குறித்துவிட்டு நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் வளைத்துப் பாருங்கள். எதிர்ப்பில்லாமல் வளையும்போது உண்டாகும் சுருளின் நீளம்தான் நார் வாட்டம். கையில் தெரியவில்லையா? ஒரு பக்கம் லேசாக ஈரப்படுத்துங்கள், அதுவே சுருண்டு காட்டும்.

இறக்கைக்கும் இதே கணக்கு. நார் உடம்பிலிருந்து வெளிநோக்கி ஓட வேண்டும். உடம்போடு இணையாக ஓடினால் இறக்கை தொங்கி, ராக்கெட் சுழன்று விழும். இறக்கைகளை எப்படித் திருப்பி வைப்பது என்பதை அச்சடிக்கும் முன்பே முடிவு செய்யுங்கள்.

ஏவுகுழாய்மேல் நேரடியாகச் சுருட்டுவது

ஏவுகுழாயில் முதலில் சாதாரணத் தாளை ஒரு சுற்று சுற்றுங்கள், அதன்மேல் அட்டை. இல்லாவிட்டால் ராக்கெட் கழலாது.

மூக்கில் எடை இல்லாதது

வால்பக்கம் பசையும் பூச்சும் ஏற ஏற எடை பின்னால் போகும். விரல்மேல் வைத்துப் பாருங்கள். சமநிலைப் புள்ளி நடுவுக்கு முன்னால் வரும்வரை மூக்குக்குள் பிளாஸ்டிசின் சேருங்கள்.

இன்க்ஜெட் அச்சு

ஈரப் பசை பட்டால் வண்ணம் கரையும். அக்ரிலிக் கிளியர் ஸ்பிரேயை வெட்டும் முன்பே அடித்துவிடுங்கள். ஒட்டும் ஓரத்தை டேப்பால் மறைத்துக்கொள்ளுங்கள்.

மழை நேரத்தில் ஸ்பிரே

வேண்டாம். வெள்ளை பூத்துவிடும்.

புட்டிக்குப் பதில் பம்ப்

பிவிசி குழாயில் காற்றை அடைத்து வைக்காதீர்கள். வெடித்தால் கூரான துண்டுகளாகச் சிதறும், பக்கத்தில் நிற்பது பிள்ளைகள்.